எழுபத்திரண்டு கிலோ மல்லிகை

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சற்று முன்னால், காற்றாலைகளுக்கு நடுவே, தண்டவாள ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கம்பம் நிற்கிறது. கம்பத்துக்கு வடக்கே கிடக்கும் இரும்பு 'பொருநைத் தடம்' என்ற கம்பெனிக்குச் சொந்தம். தெற்கே கிடக்கும் இரும்பு 'முனைத் தடம்' என்ற கம்பெனிக்குச் சொந்தம். அதன்மேல் ஓடுகிற வண்டி 'விரைவு' என்ற மூன்றாவது கம்பெனிக்குச் சொந்தம். வண்டிக்குள் இருக்கிற நீ யாருக்குச் சொந்தம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்குப் பதில் சொல்லி மாளாது.

என் பெயர் செண்பகவல்லி. வண்டித் துணை என்பது என் வேலையின் பெயர். எங்கள் வண்டியில் டிரைவர் கிடையாது, கார்டு கிடையாது, டிக்கெட் பரிசோதகர் கிடையாது. அத்தனை பேருக்கும் பதிலாகப் பச்சைப் புடவை கட்டிய ஒருத்தியும் அவள் கையில் ஒரு தொடுதிரை டேப்பும். மதுரையில் ஏறி நாகர்கோவிலில் இறங்குவேன். ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பேன், சண்டையை விலக்குவேன், கடைசிப் பெட்டியான சரக்குப் பெட்டியில் ஏறுகிற மூட்டைகளைப் பதிவு செய்வேன். மூட்டை என்றால் பெரும்பாலும் பூ. தோவாளைச் சந்தைக்குப் போகிற மல்லிகையும் பிச்சியும். பூ இருக்கிற நாளில் வண்டி தோவாளையில் நிற்கும். இல்லாத நாளில் நிற்காது.

அன்றைக்குப் பூ இல்லை. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, வெள்ளிக்கிழமையும் இல்லை. வெளியே ஆடிக்காற்று காற்றாலைகளைப் போட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பெட்டியில் ஒரு வாய்த்தகராறு நடந்துகொண்டிருந்தது. நான் விலக்கப் போகவில்லை, கேட்க நன்றாக இருந்தது. ஒரு பக்கம் ஆறுமுகநயினார், பாளையங்கோட்டையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். பெண் வீடு பார்க்க மனைவி பகவதியோடு நாகர்கோவில் போகிறார். எதிர் சீட்டில் ரெஜினா, நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்.

"வண்டி நேரத்துக்கு வருதா இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல. கவர்ன்மென்ட் கையில இருந்தப்போ கக்கூஸுக்குள்ள மூக்கப் பொத்தாம போயிருக்கீங்களா? இப்ப பாருங்க, நம்ம வீட்டு பாத்ரூம் தோத்துரும்" என்றார் நயினார்.

"நேரத்துக்கு வருது அண்ணாச்சி, யாரு இல்லைன்னா? அப்ப லேட்டாத்தான் வரும். ஆனா லேட்டானா யாரத் திட்டணும்னு எனக்குத் தெரியும். இப்ப யாரத் திட்ட?"

"எதுக்கு ஒருத்தரத் திட்டணும்ங்கேன்?"

"ஒரு வண்டிக்கு ஒரு சொந்தக்காரன் வேண்டாமா?"

"அப்ப யாரு சொந்தக்காரன்? நீங்களா நானா? எல்லாருக்கும் சொந்தம்னா ஒருத்தனுக்கும் சொந்தமில்லம்மா. எவனும் கழுவமாட்டான்."

பகவதி அவர் முழங்கையைப் பிடித்து, "மெதுவாப் பேசுங்க, தொண்டை வறண்டுரும்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கப் போன கை நடுவில் நின்றது. அவர் முகம் வெளிறி, நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது. ஏசி பெட்டியில் வேர்க்கிறதே என்று நான் நினைத்த அதே நேரத்தில் ரெஜினா எழுந்து அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இடது கை வலிக்கா அண்ணாச்சி?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரெஜினா தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் வராமல், "ஹார்ட்டு. சீக்கிரம் கொண்டுபோணும்" என்றாள்.

எனக்கு அப்போது பெரிய பயம் வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான் நாகர்கோவில். டேப்பை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனேன். அந்த நேரம் பார்த்து வண்டி வேகம் குறைந்தது. ஒரு குலுக்கல்கூட இல்லாமல் பதமாக நின்றது. எட்டிப் பார்த்தால், எஞ்சினுக்கு ஓரடி முன்னால் மஞ்சள் கம்பம்.

நான் சென்னையில் இருக்கிற எங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன். எங்கள் வழித்தடத்தைக் கவனிக்கிற பையன் நிரஞ்சன். நல்ல பையன், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் மரியாதை குறையாது.

"தம்பி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க. ஒருத்தருக்கு நெஞ்சுவலி."

"தெரியும் மேடம். சீட்டு சொல்லிடுச்சு. அதனாலதான் நிக்குது."

எங்கள் வண்டியில் ஒவ்வொரு சீட்டும் உட்கார்ந்திருப்பவரின் நாடியைப் பார்க்கும். யாருக்காவது முடியாமல் போனால் உடனே தெரியட்டும் என்றுதான் வைத்தார்கள்.

"தெரிஞ்சா ஓடணும்லா? நிக்கதுக்கா தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"மேடம், எஞ்சினோட முதல் சக்கரம் யார் தடத்துல இருக்கோ, வண்டியில இருக்கிற உயிருக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பு. சட்டம் அப்படி. ஜனங்களுக்காகப் போராடித்தான் அந்தச் சட்டத்தை வாங்கினாங்க. அதனால வண்டியை வாங்கிக்கிறதுக்கு முன்னால முனைத் தடம் எல்லா நாடியையும் பார்க்கும். செத்துப்போகக் கூடிய ஒருத்தர் உள்ள இருந்தா வாங்காது."

"அப்ப பின்னால எடுங்க. வள்ளியூருக்கே திரும்பிப் போயிருவோம்."

"கடைசி சிக்னல் தாண்டினதும் ஒப்படைச்சாச்சுன்னு பொருநை முடிச்சுட்டாங்க; சக்கரம் இன்னும் அவங்க இரும்புல நின்னாலும் அவங்க கணக்குல இல்லை. திரும்பி வரணும்னா அவங்க புதுசா ஏத்துக்கணும். அவங்க மெஷினும் இதே நாடியைத்தானே பார்க்கும்?"

"அப்போ இந்த நிமிசம் நாங்க யாரு பொறுப்புல இருக்கோம்?"

"டெக்னிக்கலா பார்த்தா, யார் பொறுப்புலயும் இல்லை மேடம்."

"கதவத் தொறந்து விடுங்க. நாங்க தூக்கிக்கிட்டு நடந்து போறோம்."

"தடத்துக்காரங்க சம்மதம் இல்லாம கதவு திறக்காது. தடத்துக்காரங்களே இல்லையே இப்ப."

"அங்க மனுசங்கன்னு ஒருத்தரும் இல்லியா தம்பி? அந்த முனைத் தடத்துல?"

"இருக்காங்க மேடம். நான் பேசிட்டேன். அவங்களுக்கும் என் மாதிரி ஒரு ஸ்கிரீன்தான். பார்க்கலாம், தொட முடியாது. யாரும் தப்புப் பண்ணலை மேடம். சிஸ்டம் சரியாத்தான் வேலை செய்யுது."

"எப்பத்தான் விடுவான்?"

"நாடி சரியானா உடனே விட்டுடும். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"நாடி நின்னுட்டா விட்டுடும். நின்னுட்டா அப்புறம் பொறுப்பு எதுவும் இல்லையே மேடம்."

அந்தப் பையன் மேல் கோபம் வந்தது. அவன் குரல் நடுங்குகிறதைக் கேட்டதும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பெட்டிக்குள் ஆட்கள் அதற்குள் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேர் தீயணைக்கும் சிலிண்டரால் ஜன்னலை இடித்துப் பார்த்தார்கள். கண்ணாடி கீறல்கூட விழவில்லை. முன்பெல்லாம் கண்ணாடியை உடைக்க ஒரு சுத்தியல் தொங்கும். யாராவது உடைத்துக்கொண்டு விழுந்தால் யார் பொறுப்பு என்று கேள்வி வந்து, அதை எடுத்துவிட்டார்கள். வெளியே ஒரு ஆடு மேய்க்கிறவர் காற்றில் துண்டு பறக்காமல் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். உள்ளே இருந்து கத்தினோம். அவர் ஏதோ சிநேகமாகக் கையை ஆட்டிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போனார். அத்தனை காற்றும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான், எங்களுக்கு மூச்சு முட்டியது.

நயினாரை இரண்டு சீட்டுக்கும் சேர்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். பகவதி அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் அழவில்லை. "ஏன் நிக்கி?" என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

என்ன சொல்வது? உங்கள் வீட்டுக்காரர் சாகட்டும் என்று நிற்கிறது என்று சொல்லவா? "இந்தா எடுத்துருவாங்க மயினி" என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

மறுபடி நிரஞ்சனைப் பிடித்தேன்.

"போன சித்திரையில இதே கம்பத்துக்கிட்ட பிரேக்கு சூடாகி நின்னுச்சே தம்பி. அன்னைக்கு மட்டும் கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள எடுத்தீங்களே?"

"அன்னிக்கு உள்ள பூ இருந்துச்சு மேடம். முகூர்த்தப் பூ. பூ வாடினா தோவாளை வியாபாரிங்க சங்கம் முனைத் தடத்தைச் சும்மா விடாது. அதனால பூ இருக்கிற வண்டியை, ஆள் நாடியைத் தவிர வேற எதுக்காகவும் நிறுத்தவே கூடாதுன்னு அவங்க மெஷினுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க."

"பூவுக்கு அவ்வளவு மரியாதையா?"

"பூவுக்கு ஓனர் இருக்காங்க மேடம்."

அவன் அதை வெறும் தகவலாகத்தான் சொன்னான். எனக்குத்தான் மண்டைக்குள் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டு டேப்பைத் திறந்தேன். புதிய சரக்கு. வகை: எளிதில் வாடும் பொருள். பெயர்: மல்லிகை. இறங்கும் இடம்: தோவாளை.

"அண்ணாச்சி எடை எவ்வளவு இருப்பாரு மயினி?"

பகவதி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "போன வாரம் டாக்டர்ட்ட போனப்ப எழுபத்திரண்டுன்னாங்க. என்னத்துக்கு?"

நான் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன். ஒளித்து மறைத்துச் சொல்ல நேரம் இல்லை. அண்ணாச்சி ஆளாக இருக்கிறவரைக்கும் வண்டி நகராது. அவர் வள்ளியூரிலேயே இறங்கிப் போய்விட்டார் என்று டிக்கெட்டை முடித்துவிட வேண்டும். சரக்குப் பெட்டியில் நாடி பார்க்கிற சீட்டு கிடையாது, எடை மட்டும்தான் பார்க்கும். அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்துப் பூ என்று பதிந்துவிட்டால் வண்டி பறந்துபோய்த் தோவாளையில் நிற்கும். நாகர்கோவிலில் பிளாட்பாரம் கிடைக்காமல் வெளியே காத்துக் கிடக்கிற தொல்லையும் இல்லை.

"டிக்கெட்ட முடிக்கணும்னா அவரு கைரேகை வைக்கணும்" என்று டேப்பை நீட்டினேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"அண்ணாச்சி இந்த வண்டியில இல்லைன்னு எழுதியிருக்கு."

பகவதி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு அவர் வலது கையை எடுத்து, வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்து, கட்டைவிரலை டேப்பில் வைத்து அழுத்தினாள். நயினார் கண்ணைத் திறந்து, "என்னட்டி பண்ணுத?" என்று முனகினார். "சும்மா கெடங்க" என்றாள்.

டேப் அடுத்த கேள்வியைக் கேட்டது. பொருளின் உரிமையாளர்?

நான் தயங்கினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நாந்தான். எழுதுங்கம்மா. பகவதின்னு எழுதுங்க."

முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள். அவள் அதைச் சொன்ன விதத்தில் என் கண் கலங்கிவிட்டது. அழ நேரமில்லாததால் எழுதினேன்.

நான்கு பேர் அவரை ஒரு போர்வையில் தூக்கிச் சரக்குப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். பூவுக்காகக் குளிர வைத்திருக்கிற பெட்டி, பழைய மல்லிகை வாசமும் ஈரச் சாக்கு வாசமும் அடித்தது. யார் யாரோ கொடுத்த துண்டையும் சேலையையும் போட்டு மூடினோம். ரெஜினா கூடவே இருக்கிறேன் என்றாள். முடியாது. அவள் சீட்டு காலியாக இருந்தால் ஆளைக் காணோம் என்று வண்டி மறுபடி நின்றுவிடும். வண்டியில் சீட்டு இல்லாதவள் நான் ஒருத்திதான். பகவதியும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"மயினி, கேளுங்க. உங்க நாடியும் அந்தச் சீட்டுல தெரியும். நீங்க பதறுனா அது உங்களையும் சீக்குன்னு நெனச்சுக்கிடும். வண்டி நின்னுரும். எல்லாரும் அப்படித்தான். யாரும் பயப்படக் கூடாது" என்றேன்.

பயப்படக் கூடாது என்று சொன்னால் பயம் போய்விடுமா? பெட்டி முழுக்க ஆட்கள் அவரவர் சீட்டில் போய் உட்கார்ந்தார்கள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி ஒரு அமைதி. ரெஜினா பகவதிக்கு எதிரே உட்கார்ந்து, "மூச்ச இழுங்க, விடுங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பகவதி இரண்டு கையையும் மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்தாள். சரக்குப் பெட்டிக்குப் போகும் முன் கதவுக் கண்ணாடி வழியாக நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

பதிவு செய் என்பதை அழுத்தினேன்.

கம்பத்துக்கு அப்பால் சிக்னல் பச்சையாக விழுந்தது. எழுபத்திரண்டு கிலோ மல்லிகையோடு வண்டி புறப்பட்டது.

சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டேன். தோவாளையில் பூவை இறக்கிக்கொள்கிறவர் அவர்தான்.

"சுயம்பண்ணே, பூ வருது."

"ஆடியில எவன் பூ அனுப்பினான்? எனக்கு ஒண்ணும் வெளங்கல்லியே."

"பூ இல்லண்ணே, ஆளு. நெஞ்சுவலி. பூவுன்னு பதிஞ்சு கொண்டாறேன். பூ வேன எடுத்துக்கிட்டு வாங்க."

ஆயிரம் கேள்வி கேட்பார் என்று பயந்தேன்.

"ஐஸ் வேணுமா?" என்று கேட்டார் சுயம்பு.

"ஐஸ் வேண்டாம், வேகமா வாங்க."

வழியெல்லாம் நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை சில்லிட்டிருந்தது. ஒரு வளைவில் அவர் என்னைப் பார்த்து, "வண்டி நேரத்துக்குப் போகுதா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் மனிதருக்கு அதுதான் கவலை. "கரெக்டாப் போகுது அண்ணாச்சி" என்றேன்.

தோவாளையில் சரக்குக் கதவு மட்டும் திறந்தது. காற்று உள்ளே பாய்ந்ததும் நான் வாயைத் திறந்து அதைக் குடித்தேன் என்றே சொல்ல வேண்டும். சுயம்பும் இரண்டு லோடுமேன்களும் பூ மூட்டை தூக்குகிற பாயில் அவரை ஏந்திக்கொண்டார்கள். டேப்பில் வாங்குகிறவர் கைரேகை வைத்தாக வேண்டும். சுயம்பு வைத்தார். அது கடைசிக் கேள்வியைக் கேட்டது. பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டதா?

சுயம்பு நயினாரைக் குனிந்து பார்த்தார். நயினார் ஒரு முனகல் முனகினார்.

"நல்ல நெலமைதான், கேட்டியா" என்று சொல்லி ஆம் என்பதை அழுத்தினார்.

பூ வேன் அவரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனது. நான் ஓடிப்போய்ப் பகவதியிடம் சொன்னேன். அவள் அப்போதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகர்கோவிலில் கதவு திறந்து, காலைக் கீழே வைத்த பிறகுதான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி மயினி அப்படி உக்காந்திருந்தீங்க?"

"மனசுக்குள்ள மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரு கூடை மீனு. ஒண்ணொண்ணா" என்றாள். பிறகு கதறி அழுதாள்.

நயினார் பிழைத்துக்கொண்டார். ஆவணி மாதம் இரண்டு பேரும் என் வீட்டுக்குக் கருப்பட்டி மிட்டாயோடு வந்தார்கள். "என்ன இருந்தாலும் வண்டி நேரத்துக்குத்தான் வந்துச்சு" என்று அவர் ஆரம்பித்ததும், பகவதி மிட்டாயை எடுத்து அவர் வாயில் திணித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிரஞ்சன் கூப்பிட்டான்.

"மேடம், மேல எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. நான்தான் எழுதி அனுப்பினேன். இனிமே அந்தக் கம்பத்துக்கிட்ட யாரும் சாகக் கூடாது இல்லையா மேடம்? நாடு பூரா அந்த மாதிரிக் கம்பம் எத்தனை இருக்கு தெரியுமா?"

"அப்ப சட்டத்த மாத்தப் போறாங்களா தம்பி?"

"அது கஷ்டம் மேடம். உங்க வழிதான் சுலபமா இருக்கு."

புரட்டாசி பிறப்பதற்குள் எல்லாக் கம்பெனி வண்டியிலும் அது வந்துவிட்டது. டிக்கெட் எடுக்கும்போதே எல்லோரும் சம்மதித்துவிடுகிறார்கள். யாரும் படிக்காத வரிகளுக்கு நடுவில் அந்த வரியும் இருக்கிறது: உடல்நிலை மோசமானால் பயணி சரக்காக மாற்றப்படலாம். சரக்குக்கு உயிர்ப் பொறுப்பு கிடையாது. ஆம்புலன்ஸ் கிடையாது. நஷ்ட ஈடு கேட்டால், பொருளின் உரிமையாளர் கேட்கலாம்; வாடிப்போன பூவுக்கு என்ன உண்டோ அது உண்டு. தடத்துக் கம்பெனிகளுக்குப் பெரிய நிம்மதி. தோவாளையில் சுயம்பு இருக்கிறார். எல்லா ஊரிலும் சுயம்பு இருக்கிறாரா? யாரும் வந்து எடுக்காத சரக்கு உரிமையாளர் பெயரிலேயே குளிர் கிடங்குக்குப் போய்விடும். உரிமையாளர் நேரில் வந்து ரேகை வைத்தால்தான் வெளியே விடுவார்கள். அப்படிப் பழுப்பேறிக் கிடந்த பூ மூட்டைகளை நானே பார்த்திருக்கிறேன்.

டேப்பில் புதிதாக ஒரு பொத்தான் வந்தது. அதில் செண்பகவல்லி முறை என்று எழுதியிருந்தது.

தை மாதம். முகூர்த்த நாள். ஏற்றின பூ விருதுநகரிலேயே இறங்கிவிட்டது, அங்கே பெரிய வீட்டுக் கல்யாணம். சரக்குப் பெட்டி காலி. அதற்கு முந்தின பெட்டியில் காற்றாலை வேலைக்குப் போகிற ஒரு இளைஞன், ஒரிசாக்காரன், தனியாக உட்கார்ந்திருந்தான். டிக்கெட்டில் பிகாஷ் என்று இருந்தது. ஏறும்போதே காய்ச்சல் முகம். வள்ளியூர் தாண்டியதும் கண் செருகி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. வண்டி பதமாக நின்றது. ஓரடி முன்னால் மஞ்சள் கம்பம்.

இப்போது நிரஞ்சனைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. டேப்பே கேட்டது. செண்பகவல்லி முறையைத் தொடரலாமா?

வேறு வழி எனக்கும் தெரியவில்லை. அழுத்தினேன். அவன் விரலை எடுத்து வைத்தேன். பிகாஷ் இந்த வண்டியில் இல்லை என்று ஆனது. பொருளின் உரிமையாளர்?

அவனுக்கு யார் இருக்கிறார்கள்? போன் பூட்டியிருந்தது. "இவரத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று பெட்டியில் கேட்டேன். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். உரிமையாளர் என்றால் பிறகு வந்து எடுக்க வேண்டும், கேஸ், அலைச்சல். யாருக்குத்தான் பயம் இருக்காது?

நான் அந்தக் கட்டத்தில் செண்பகவல்லி என்று எழுதினேன்.

டேப் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு வந்தது.

'இந்த உரிமையாளர் பெயரில் ஏற்கெனவே பதினேழு பொருள்கள் உள்ளன. பெறப்பட்டவை பதின்மூன்று. பெறப்படாதவை நான்கு. தொடரலாமா?'

நான் யாரையும் என் பெயரில் பதிந்ததில்லை. நயினாருக்குக்கூட உரிமையாளர் பகவதிதான். முதலில் தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. வேறு வேறு வண்டியில், வேறு வேறு கம்பத்தின் முன்னால், என்னைப் போலவே பச்சைப் புடவை கட்டிய எவளோ இதே மாதிரி நின்றிருக்கிறாள். பெட்டியைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். சொந்தம் என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்காதபோது, பொத்தானில் இருந்த பெயரைப் பார்த்து அதையே எழுதியிருக்கிறாள்.

தொடரலாம் என்பதை அழுத்தினேன். சிக்னல் பச்சையாக விழுந்தது. சுயம்புவுக்குச் சொல்லிவிட்டு, சரக்குப் பெட்டியில் அந்தப் பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சென்னைக்குப் போன் போட்டேன்.

"நிரஞ்சன் தம்பி, என் பேருல எடுக்காம கெடக்கிற நாலு பேரு எங்க?"

அவன் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது.

"தம்பி? உயிரோட இருக்காங்களா?"

"அது ஸ்கிரீன்ல வராது மேடம்" என்றான் நிரஞ்சன். அழுகிற குரல். "எடை மட்டும்தான் வருது. ஓனர் நீங்கதான் மேடம். நீங்கதான் நேர்ல போய்ப் பார்த்து எடுத்துக்கணும்."